முகவரி தெரியாத கடிதம் உரியவரைச் சென்றடையுமா?

"பெயர் தெரியும், ஊர் தெரியும், இப்போது இருக்கும் இடம் மட்டும் தெரியாது." இவ்வாறு தொடங்கும் கடிதங்கள் எமது காரியாலயத்துக்குப் புதியவை அல்ல. "தேடுகிறோம்" என்னும் தலைப்பின் கீழ் நாம் பிரசுரிக்கும் சிறு அறிவித்தல்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம் காத்திருக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, ஒன்றாகப் புறப்பட்ட உறவினர் பலர் சனநெரிசலில் ஒருவரையொருவர் தவறவிட்டனர். 2009ஆம் ஆண்டு வன்னியிலிருந்து வெளியேறி வவுனியா முகாம்களை அடைந்தோரிலும் பலர் குடும்பத்தைப் பிரிந்தே வந்து சேர்ந்தனர். இவ்வாறு பிரிந்தோர் பின்னர் இந்தியா, ஐரோப்பா, கனடா, அவுஸ்திரேலியா எனத் திக்குத் திக்காகச் சிதறியபோது, தேடவேண்டிய வெளியும் உலகளவாக விரிந்துவிட்டது.

ஒருவரது இருப்பிடத்தை அறியாமல், எவர் எவரை அறிவார் என்ற வரைபடமும் கையில் இல்லாமல், தெரிந்த ஒருவரைக் கேட்டு, அவர் தமக்குத் தெரிந்த இன்னொருவரைக் கேட்டு, இவ்வாறே கைமாறிக் கைமாறித் தேடுபவரை அடைய முடியுமா? முடியுமாயின் எத்தனை கைகள் மாறவேண்டும்? எங்கே தேடல் அறுந்துபோகின்றது? எமக்கு மட்டுமே உரிய கேள்விகள் போலத் தோன்றும் இவற்றைக் கணித அறிஞர்களும் சமூகவியலாளர்களும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளில் எமக்கு ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. அவற்றை எமது வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழி தெரியாதவனின் நடை

1905ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனில் வெளியாகும் "நேச்சர்" என்ற விஞ்ஞான இதழில் கார்ல் பியர்சன் என்னும் பேராசிரியர் சிறு கேள்வியொன்றை வெளியிட்டார். ஒரு மனிதன் ஓரிடத்திலிருந்து புறப்பட்டுச் சில யார் தூரம் நேராக நடக்கின்றான். பின்னர் எந்தத் திசை என்று பாராமல் திரும்பி, அதே அளவு தூரம் நடக்கின்றான். இவ்வாறு பலமுறை செய்தபின், புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் அவன் நிற்பான்? இந்நடைக்கு அவர் இட்ட பெயரையே நாம் தமிழில் எழுமாற்று நடை என்கின்றோம். ரேலி பிரபு என்னும் இன்னோர் அறிஞர், ஒலியலைகளை ஆராய்ந்தபோது 1880இலேயே தாம் இக்கணக்கைச் செய்துவிட்டதாக உடனே பதில் எழுதினார். விடையைக் கண்ட பியர்சன், நன்றாகக் குடித்துவிட்டுத் தள்ளாடுபவனைத் தேடவேண்டுமாயின் அவன் புறப்பட்ட இடத்தின் அருகிலேயே தேடுவது நல்லது என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

வேடிக்கையின் பின்னாலுள்ள கணக்கு கடுமையானது. திசையின்றி நடப்பவன் அடையும் தூரம் அடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்வதில்லை. அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கின்றது. ஓரடி ஒரு மீற்றர் எனக் கொண்டால், நூறு அடி வைத்தவன் சராசரியாக ஏறத்தாழப் பத்து மீற்றர் தொலைவிலேயே நிற்பான். பத்தாயிரம் அடி வைத்தவனும் ஏறத்தாழ நூறு மீற்றரையே தாண்டியிருப்பான். மிகுதி உழைப்பு முழுவதும் முன்னும் பின்னுமாக அலைந்ததிலேயே கழிந்துவிடும். ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் அனுப்பப்பட்டு, இறுதியில் முதல் நாள் நின்ற அதே யன்னலின் முன்னால் மீண்டும் வரிசையில் நின்ற அகதிக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இதன் தொடர்ச்சி சூரிச் நகரில் நிகழ்ந்தது. அந்நகரில் வாழும் எமது வாசகர்கள் அதனைச் சூழவுள்ள காட்டுப் பாதைகளை நன்கு அறிவர். ஹங்கேரியில் பிறந்து சூரிச்சில் கற்பித்துவந்த ஜோர்ஜ் பொல்யா என்ற கணித அறிஞர், ஒருநாள் அவ்வாறான காட்டில் உலாவச் சென்றபோது, தமக்கு அறிமுகமான மாணவர் ஒருவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் கண்டார். சற்று நேரத்தின் பின் வேறொரு திருப்பத்தில் அவர்களை மீண்டும் கண்டார். பின்னர் மீண்டும் மீண்டும் கண்டார். தாம் அவர்களைப் பின்தொடர்வதாக எண்ணிவிடுவார்களோ என்று அவருக்குப் பெரிதும் கூச்சமாகிவிட்டது. எவ்வித நோக்கமுமின்றி நடப்பவர்கள் இவ்வாறு சந்திப்பது எவ்வளவு இயல்பானது என்று அவர் சிந்திக்கத் தொடங்கியதன் பயனாக, 1921இல் புகழ்பெற்ற தேற்றம் ஒன்று வெளிவந்தது.

எல்லையில்லாத நகரமொன்றில், சதுரம் சதுரமாக அமைந்த வீதிகளின் ஒவ்வொரு சந்தியிலும் சீட்டுக் குலுக்கியதுபோலத் திரும்பி நடப்பவன், நீங்கள் குறிப்பிடும் எந்தச் சந்தியையும் என்றாவது ஒருநாள் நிச்சயமாக அடைவான் என்பதே அத்தேற்றம். அதே நடை வானத்தில் பறப்பதுபோல மூன்று திசைகளிலும் அமையுமாயின், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 34 மட்டுமே.

வீதியில் நடப்பவனுக்கு "நிச்சயம்" என்று சொல்லப்பட்டதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அந்நிச்சயத்துக்குக் கால எல்லை கிடையாது. சராசரியாக எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று கணித்தால் முடிவிலி என்றே விடை வருகின்றது. குருட்டுத் தேடல் பொய்யன்று. ஆயினும் மனித ஆயுள் அதற்குப் போதாது.

எவர் கையில் அதிகம் விழும்?

மனிதர்களின் அறிமுகங்கள் சதுர வீதிகள் போல ஒழுங்காக அமைந்தவை அல்ல. ஒருவருக்கு இருபது பேரைத் தெரியும். இன்னொருவருக்கு இருநூறு பேரைத் தெரியும். இத்தகைய வலைப்பின்னலில் ஒரு கடிதத்தை விட்டு, பெறுபவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களுள் எவரேனும் ஒருவருக்குக் குலுக்கல் முறையில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். காலப்போக்கில் அக்கடிதம் இருபது பேரை அறிந்தவரின் கையில் விழுவதைப் போலப் பத்து மடங்கு இருநூறு பேரை அறிந்தவரின் கையில் விழும். பலரை அறிந்தவர் பலரது அறிமுகப் பட்டியலிலும் இருப்பதே இதற்குக் காரணம். பெரும்பாலானோரை எடுத்துக்கொண்டால், அவர்களைவிட அவர்களது நண்பர்களுக்கே நண்பர்கள் அதிகம் என்பதை ஸ்கொற் பெல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1991இல் எடுத்துக் காட்டினார்.

ஆகவே எவ்வித யோசனையுமின்றிக் கைமாறும் செய்தியும் விரைவில் பலசரக்குக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், கோயில் ஐயர், தேவாலயச் சுவாமியார் போன்றோரிடமே போய்ச் சேர்கின்றது. அங்கிருந்து எங்கே போவது என்பதே அடுத்த கேள்வி.

பொஸ்ரனை நோக்கிச் சென்ற கடிதங்கள்

இக்கேள்வியை ஏட்டில் மட்டும் ஆராயாமல் தபாலிலேயே பரீட்சித்துப் பார்த்தவர் ஸ்ரான்லி மில்கிறம் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். 1960களில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், கன்சாஸ், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களில் வாழ்ந்த சாதாரண மக்களுக்குத் தபாற்பொதி ஒன்றை அனுப்பினார். கிழக்குக் கரையில் பொஸ்ரன் நகரின் சுற்றுப்புறத்தில் வாழும் ஒருவரின் பெயரும் அவரைப் பற்றிய சில விபரங்களும் அதில் இருந்தன. அவரைத் தனிப்பட்ட முறையில் அறிந்தாலன்றி நேரே அனுப்பக்கூடாது. தமக்கு நன்கு பழக்கமானவர்களுள், அவரை அறிந்திருக்கக்கூடும் என்று தாம் கருதும் ஒருவருக்கே அனுப்பவேண்டும் என்பது நிபந்தனை.

பொதியினுள் பெயர்ப் பட்டியல் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. பெற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் அதில் தமது பெயரை எழுதிய பின்னரே அடுத்தவருக்கு அனுப்பவேண்டும். முன்னர் கண்டவரிடமே கடிதம் மீண்டும் திரும்பிச் சுற்றிக்கொண்டிருப்பதை அப்பட்டியல் தடுத்தது. பியர்சனின் தள்ளாடும் மனிதனுக்கு இல்லாத ஞாபகசக்தி அக்கடிதத்துக்கு இருந்தது எனலாம்.

மில்கிறம் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கடிதத்தின் பயணத்தை விபரித்துள்ளார். கன்சாஸில் கோதுமை பயிரிடும் விவசாயி ஒருவர் தமது ஊர்ப் போதகரிடம் அதனைக் கொடுத்தார். அவர் கேம்பிரிட்ஜ் நகரில் சமயக் கல்வி கற்பித்த இன்னொரு போதகருக்கு அனுப்பினார். தேடப்பட்டவர் அங்கு சமயக் கல்வி பயின்ற மாணவர் ஒருவரின் மனைவி. அப்போதகருக்கு அவரைத் தெரிந்திருந்தமையால் வீதியில் கண்டபோது கையிலேயே கொடுத்துவிட்டார். நான்கு நாட்கள், இடையில் இருவர் மட்டுமே.

பின்னர் ஜெப்றி ட்ரவேர்ஸ் என்பவருடன் இணைந்து மில்கிறம் 1969இல் வெளியிட்ட ஆய்வு மேலும் முழுமையானது. பொஸ்ரனில் வேலை பார்த்த பங்குத் தரகர் ஒருவரே இம்முறை தேடப்பட்டவர். 296 பேர் தெரிவுசெய்யப்பட்டனர். அவர்களுள் 217 பேர் கடிதத்தை அனுப்பிவைத்தனர். 64 கடிதங்கள் உரியவரை அடைந்தன. அடைந்த கடிதங்களைப் பொறுத்தவரை இடையில் நின்றவர்களின் சராசரித் தொகை 5.2. வரைபடம் பார்த்தவர் எவருமில்லை; தமக்கு அடுத்து நிற்பவர்களை மட்டுமே ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். எனினும் பெரும் தேசமொன்றைக் கடந்து கடிதம் ஒருவரின் கையை அடைய ஏறத்தாழ ஐந்து கைகளே தேவைப்பட்டன.

புடைவைக் கடைக்காரரின் பங்கு

அத்தரகர் வாழ்ந்தது பொஸ்ரனுக்கு அருகிலுள்ள ஷரன் என்னும் சிற்றூரில். அவரது வீட்டுக்கு வந்த 24 கடிதங்களுள் 16 கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரே ஆள்: அவ்வூரில் புடைவைக் கடை வைத்திருந்த வியாபாரி. பல நூறு மைல்களுக்கு அப்பால் வெவ்வேறு வீடுகளிலிருந்து புறப்பட்ட கடிதங்கள் இறுதியில் ஒரே கடையின் வாசலில் வந்து கூடின.

எம்மவர்க்கு இதில் வியப்பில்லை. ஊரில் விதானையாரும் தபாற்காரரும் வாசிகசாலைக்குப் பொறுப்பானவரும் அவ்வாறானவர்களே. பாரிஸ் லாச்சப்பலிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இலண்டன் ஈஸ்ற்ஹாமிலும் கடை நடத்துவோர் பலரும் அந்தப் புடைவைக் கடைக்காரரின் இடத்திலேயே இருக்கின்றனர். கடைச் சுவரில் ஓர் அறிவித்தலை ஒட்டுவதற்கு அவர்கள் அளிக்கும் ஓரடி இடத்தின் பெறுமதியை அவர்களே முழுதாக அறிவதில்லை.

அறுந்துபோன சங்கிலிகள்

வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 296 கடிதங்களில் 232 உரியவரை அடையவில்லை. நான்கு நாட்களில் கேம்பிரிட்ஜ் சென்ற கடிதத்துடன் சேர்த்து அனுப்பப்பட்ட 60 கடிதங்களில் மூன்று மட்டுமே சென்றடைந்ததாகப் பின்னர் மில்கிறத்தின் ஏடுகளை ஆராய்ந்த யூடித் கிளைன்பெல்ட் என்ற பேராசிரியை 2002இல் எடுத்துக்காட்டினார்.

அடுத்த ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னஞ்சல் மூலம் இதனை உலகளவில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. 13 நாடுகளில் வாழ்ந்த 18 பேர் தேடப்பட்டனர். அவர்களுள் எஸ்தோனியாவில் ஆவணக் காப்பகப் பரிசோதகர் ஒருவரும், இந்தியாவில் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரும், அவுஸ்திரேலியாவில் பொலிஸ்காரர் ஒருவரும் அடங்குவர். 60,000 பேருக்கு மேல் பங்குபற்றினர். 24,163 சங்கிலிகள் தொடங்கின. முடிவை அடைந்தவை 384.

ஏன்? வழி இல்லாமல் போனதா? அனுப்பாதவர்களிடம் காரணம் கேட்கப்பட்டபோது, பொருத்தமான எவரையும் தமக்குத் தெரியவில்லை என்று சொன்னவர்கள் ஆயிரத்துக்கு மூவரிலும் குறைவு. ஏனையோர் அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான். பாதை இருந்தது, அடுத்தவரும் தெரிந்தவராகவே இருந்தார், கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. பங்குபற்றியோருக்கு அது ஒரு பரீட்சை. போனாலும் ஒன்று, போகாவிட்டாலும் ஒன்று. எமது மக்களின் தேடல் அத்தகையதன்று.

சங்கிலி அறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970இல் மில்கிறம், சாள்ஸ் கோட் என்பவருடன் செய்த ஆய்வில், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள வெள்ளையரிடமிருந்து புறப்பட்ட கடிதங்கள் நியூயோர்க்கிலுள்ள வெள்ளையரை நூற்றுக்கு 33 என்ற வீதத்தில் அடைந்தன; கறுப்பினத்தவரை அடைந்தவை நூற்றுக்கு 13 மட்டுமே. தூரம் ஒன்றே. இடையில் நின்றது சமூகச் சுவர்.

"எவடம்? ஆற்றை பிள்ளை?"

சிறிய உலகில் குறுகிய வழிகள் இருப்பது வேறு. வரைபடமின்றி அவ்வழிகளைக் கண்டுபிடிப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கணித முறையில் விளக்கியவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கிளைன்பேர்க். ஒவ்வொருவரும் தமது அயலவர்களையும் தூரத்தில் உள்ள சிலரையும் அறிவர் என்று வைத்துக்கொண்டு, கடிதத்தை இலக்குக்கு மிக அண்மையில் உள்ளவருக்கே அனுப்பினால் என்ன நிகழும் என்று அவர் கணித்தார். 2000ஆம் ஆண்டு, பியர்சன் கேள்வி கேட்ட அதே "நேச்சர்" இதழில் அவரது விடை வெளியாயிற்று.

தூரத்து அறிமுகங்கள் எவ்வித ஒழுங்குமின்றி உலகெங்கும் சிதறிக் கிடக்குமாயின், குறுகிய வழி இருந்தும் கடிதம் அதனைக் கண்டுகொள்ளாது. எல்லா அறிமுகங்களும் அயலுக்குள்ளேயே அடங்குமாயின் கடிதம் ஆமை வேகத்தில் நகரும். அயலில் எத்தனை பேரோ ஏறத்தாழ அத்தனை பேர் ஊரளவிலும், அத்தனை பேர் மாவட்ட அளவிலும், நாட்டளவிலும், அதற்கு அப்பாலும் என்று அறிமுகங்கள் படிப்படியாக அமையும்போது மட்டுமே தேடல் வேகமடைகின்றது. அப்போது சில கைமாற்றங்களுக்கு ஒருமுறை மீதித்தூரம் பாதியாகின்றது. ஆயிரம் கிலோமீற்றரைப் பத்து முறை பாதியாக்கினால் ஒரு கிலோமீற்றரிலும் குறைவு. குருடனுக்கு ஆயுள் போதாத பயணம், ஒவ்வொரு படியிலும் சிறு தடயம் இருந்தால் சில நாட்களில் முடிகின்றது.

இத்தேற்றத்தைப் படித்தபோது எமது ஊர்ப் பெரியவர்களே எமக்கு நினைவுக்கு வந்தனர். புதிதாகக் காணும் எவரிடமும் அவர்கள் முதலில் கேட்பது, "தம்பி, எவடம்?" என்பதே. பின்னர், "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" அடுத்து, "எந்தப் பள்ளிக்கூடம்?" இறுதியாக, "ஆற்றை பிள்ளை?" நான்கு கேள்விகளில் மாவட்டம் ஊராகி, ஊர் ஒழுங்கையாகி, ஒழுங்கை வீடாகிவிடுகின்றது. ஒவ்வொரு கேள்வியும் மீதித்தூரத்தைக் குறைக்கின்றது. கிளைன்பேர்க் கணித்ததை அவர்கள் படலையடியில் நின்று செய்தார்கள்.

ஆயினும் அதே கேள்விகள் சாதியை அறிவதற்கும் கேட்கப்பட்டன, இன்றும் கேட்கப்படுகின்றன என்பதை நாம் மறைக்கவில்லை. தேடுவதற்குக் கேட்கும்போது அக்கேள்வி பாதையைத் திறக்கின்றது. ஆளை அளப்பதற்குக் கேட்கும்போது, நியூயோர்க் கடிதங்கள் மோதிய சுவரையே எழுப்புகின்றது. அவமானம் அஞ்சி ஊர்ப்பெயர் சொல்லத் தயங்குபவர் இருக்கும்வரை எமது வலைப்பின்னலில் ஓட்டைகளும் இருக்கும்.

தூரத்து அறிமுகத்தின் வலிமை

தேடும்போது நாம் வழமையாகச் செய்யும் தவறொன்று உண்டு. எமக்கு மிக நெருங்கியவர்களையே மீண்டும் மீண்டும் கேட்கின்றோம். அவர்களுக்குத் தெரிந்தவை பெரும்பாலும் எமக்கும் தெரிந்தவையே. மார்க் கிறனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இது தெளிவாக்கப்பட்டுள்ளது. பொஸ்ரனுக்கு அருகில், தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, தகவல் தந்தவரை அக்காலத்தில் அடிக்கடி சந்தித்ததாகக் கூறியோர் நூற்றுக்கு 16.7 மட்டுமே. இடையிடையே சந்தித்ததாக 55.6 வீதத்தினரும், மிக அரிதாகவே சந்தித்ததாக 27.8 வீதத்தினரும் கூறினர். முன்னர் ஒன்றாகப் படித்தவர், பழைய வேலைத்தலத்தில் பழகியவர் போன்ற தூரத்து அறிமுகங்களே புதிய செய்தியைக் கொண்டுவந்தன.

மேலே குறிப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. வெற்றிபெற்ற சங்கிலிகள் மிக நெருங்கிய உறவுகளைவிட இடைத்தரமான, தூரமான உறவுகளின் வழியாகவே அதிகம் சென்றன. பெரும்புள்ளிகளைத் தேடி அனுப்புவது அவசியமாக இருக்கவில்லை. "இவரது ஊர் அது", "இவரது தொழில் அது" என்ற காரணங்களுக்காகத் தெரிவுசெய்யப்பட்டவர்களே கடிதத்தை முன்னகர்த்தினர். தேடப்படுபவருக்கு ஒருபடி அருகில் நிற்கும் சாதாரண மனிதர், பல மேடைகளில் தோன்றும் பிரமுகரைவிடப் பயனுள்ளவர்.

இரு கரைகளிலிருந்தும் பாலம்

தேடுபவர் மட்டும் தேடினால் போதுமா? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒருவர் முப்பது பேரைக் கேட்க, அவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக முப்பது பேரைக் கேட்டால், மூன்றாம் படியில் 27,000 பேரையும் ஆறாம் படியில் 72 கோடியே 90 இலட்சம் பேரையும் கேட்டாக வேண்டும். தேடப்படுபவரும் மறுபுறத்திலிருந்து தம்மை அறிவித்துவந்தால், ஆளுக்கு மூன்று படிகள் போதும். இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 54,000 பேர். ஒருவரே பலருக்கும் அறிமுகமானவராதலால் உண்மையில் இத்தொகைகள் குறையும். ஆயினும் வேறுபாட்டின் அளவு விளங்கும். புதிய நாட்டுக்கு வந்து, "என்னை யார் தேடப்போகின்றார்கள்" என்று ஒதுங்கியிருப்பவர், தம்மைத் தேடும் தாயின் வேலையைப் பல்லாயிரம் மடங்காக்குகின்றார்.

இரு பக்கத் தேடலையும் ஓரிடத்தில் சந்திக்க வைப்பதற்கென்றே ஏற்பட்டது செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதற் சேவை. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையில் போர் மூண்டபோது பாசல் நகரில் இதன் முதல் முகவரகம் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது, 1914இல், ஜெனீவாவில் அமைக்கப்பட்ட போர்க்கைதிகள் முகவரகம், போர் முடிவதற்குள் ஏறத்தாழ 70 இலட்சம் அட்டைகளைத் தொகுத்தது. சிறைப்பட்டவரின் விபரத்துக்கு ஓர் அட்டை. தேடும் குடும்பத்தின் விசாரணைக்கு ஓர் அட்டை. இரண்டும் ஒரே பெட்டியில் சந்திக்கும்போது ஒரு வீட்டுக்குச் செய்தி செல்லும். பிரெஞ்சு எழுத்தாளர் ரோமெய்ன் ரோலண்டும் அங்கு தொண்டராக இருந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினார். இலங்கையில் அனைத்துலகச் செஞ்சிலுவைச் சங்கம் 1989 முதல் இயங்கி வருகின்றது. தபால் செல்லாத காலங்களில் அதன் ஊடாக வந்த திறந்த கடிதத்தாள்களைப் பல குடும்பங்கள் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

நாம் செய்யத்தக்கவை

இவ்வாய்வுகள் அனைத்திலுமிருந்து தேடும் குடும்பங்களுக்கும் உதவுவோருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

முதலாவது, தேடல் அறிவித்தலில் பெயரும் வயதும் மட்டும் போதாது. ஊர், குறிச்சி, கற்ற பாடசாலையும் ஆண்டும், பார்த்த தொழில், தந்தையின் தொழில், வீட்டில் அழைக்கும் பெயர், கடைசியாகக் கண்ட இடமும் திகதியும் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றுள் எது அடுத்தவருக்குத் தடயமாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இரண்டாவது, யார் யாரைக் கேட்டாயிற்று என்ற பட்டியலைக் கடிதத்துடனேயே அனுப்புங்கள். மில்கிறத்தின் பட்டியல் கடிதங்கள் சுற்றித் திரிவதைத் தடுத்தது. உங்கள் பட்டியலும் அவ்வாறே தடுக்கும்.

மூன்றாவது, கேட்டவர்களையே கேட்டுக்கொண்டிராமல், பத்து ஆண்டுகளாகப் பேசாத பழைய வகுப்புத் தோழரையும், முன்னர் வேலைசெய்த இடத்தின் சக தொழிலாளியையும் கேளுங்கள். அவர் வேற்று மொழியினராயினும் தயங்க வேண்டாம்.

நான்காவது, தடயம் எதுவும் இல்லையாயின், பலரைக் காண்பவரிடம் கொடுங்கள். கடைக்காரரும் ஆசிரியரும் சமய குருமாரும் அவ்வாறானவர்களே.

ஐந்தாவது, வாழும் நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடுதல் விண்ணப்பம் ஒன்றைப் பதிவுசெய்யுங்கள். கைமாறும் கடிதமும் அட்டைப் பெட்டியும் ஒன்றுக்கொன்று துணை.

ஆறாவது, அவதானம் தேவை. அகதி விண்ணப்ப விபரங்கள், அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி ஆகியவற்றைப் பகிரங்க அறிவித்தலில் வெளியிட வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்டவரின் சம்மதமின்றி அவரது முகவரியை எவருக்கும் கொடுக்கவும் வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கமும் சம்மதம் பெற்ற பின்னரே முகவரியைத் தெரிவிக்கின்றது. ஒதுங்கியிருக்க ஒருவருக்கு வலுவான காரணம் இருக்கலாம்.

இறுதியாக ஒன்று. தேடியும் கிடைக்காதோர் எம்மிடையே மிகப் பலர். அவர்களது குடும்பங்களுக்கு, இன்னும் ஐந்து கைகள் மாறினால் கிடைத்துவிடுவார் என்று சொல்லும் உரிமை எமக்கில்லை. வலைப்பின்னலில் இல்லாத ஒருவரை எந்த வழியும் சென்றடையாது. அங்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு அரசுகளுக்கே உரியது. ஆனால் எங்கோ ஒரு நகரில் உயிருடன் இருந்தும், ஒருவருக்கொருவர் முகவரி தெரியாமல் இருப்பவர்களின் விடயம் வேறு. அங்கு விடை எங்கள் கைகளில் இருக்கின்றது.

24,163இல் 384 என்ற கணக்கை மீண்டும் நினைவில் கொள்ளுங்கள். மிகுதிச் சங்கிலிகள் அறுந்தது பாதை இல்லாததால் அன்று. எவரோ ஒருவர் அனுப்பாமல் விட்டதால். இவ்வாரம் எமது நான்காம் பக்கத்திலும் "தேடுகிறோம்" அறிவித்தல்கள் வெளியாகியுள்ளன. அவற்றிலுள்ள எவரையும் உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் அந்த ஊரைச் சேர்ந்த ஒருவரை, அந்தப் பாடசாலையில் படித்த ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகையை மடித்து வைப்பதற்கு முன் அவரைத் தொலைபேசியில் ஒருமுறை அழையுங்கள்.